இரண்டடித் தொட்டியிலிருந்து நாலடித் தொட்டிக்கு: கடல் மீன்களை மாற்றுவது எப்படி?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வீட்டில் இரண்டடிக் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி கிளவுன் மீன், ஃபயர்ஃபிஷ், நீல டாம்சல், சின்ன செயில்ஃபின் டாங், ஒரு கிளீனர் இறால் இருக்கின்றன. ஒரு அனிமோன் (கடல் சாமந்தி), ஸோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் பவளங்களும் உண்டு. டாங் வளர்ந்துகொண்டே போவதால் 4×2×2 அடியில் புதுத் தொட்டி செய்யச் சொல்லிவிட்டேன். அதே இடத்தில்தான் வைக்க வேண்டும். வீடு இரண்டாவது மாடி. பழைய தண்ணீரையும் மணலையும் அப்படியே போட்டால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம் என்கிறார் கடைக்காரர். கூடுதலாகத் தேவைப்படும் லைவ் ராக்கை (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் கல்லை) ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் பக்கமிருந்து வரவழைத்துத் தருவதாகவும் சொல்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: மண்டபத்துக் கல்லை வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடிய விஷயங்கள். கல் கூடு கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. நெருப்புப் பவளம், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாம் அதில் அடக்கம். உயிரோடு எடுத்தாலும் செத்துக் கல்லான பிறகு எடுத்தாலும் குற்றம் குற்றம்தான். 'லைவ் ராக்' என்ற பெயரில் கரையிலிருந்து வருவது பெரும்பாலும் பவளப்பாறையை உடைத்த துண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளத்தை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தது அதற்கு முக்கியக் காரணம். நாம் ஆசையாக வளர்க்கும் உயிர்களின் வீட்டை இடித்து நம் வீட்டுத் தொட்டியை அலங்கரிப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. செராமிக் கல் கடைகளில் கிடைக்கிறது. நுண்துளைகள் நிறைந்த அந்தக் கல் இரண்டு மாதத்தில் நிறம் மாறி இயல்பாகிவிடும். உங்களிடம் இருக்கும் ஸோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் மூன்றும் கல் கூடு கட்டாதவை, மேலே சொன்ன இனங்களில் சேராதவை. அவற்றுக்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது எடை. உங்கள் புதுத் தொட்டி விளிம்பு வரை சுமார் 450 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி மட்டும் 80 கிலோவுக்கு மேல் வரும். கல், மணல், சம்ப் (தொட்டிக்குக் கீழே ஃபில்டர் வைக்கும் துணைத் தொட்டி), ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 650 கிலோவைத் தாண்டும். அந்த மொத்த எடையும் முக்கால் சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் நிற்கிறது. நம் நாட்டில் குடியிருப்புத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைப்பது வழக்கம். அந்தச் சுமை அறை முழுவதும் பரவுவதால் பல வீடுகளில் இவ்வளவு பெரிய தொட்டியும் நன்றாகவே நிற்கிறது. ஆனாலும் அறையின் நடுவில் வைப்பதும் உத்தரத்தை ஒட்டிச் சுவரோரம் வைப்பதும் ஒன்றல்ல. 'இரண்டடித் தொட்டி இருந்த இடம்' என்பது போதிய காரணமில்லை. கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து உத்தரம் எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமை. உங்கள் தொட்டி மூன்று ஆண்டுகள் நோயில்லாமல் ஓடியது அந்தத் தண்ணீரால் அல்ல. மீன்கள் செவுள் வழியே விடும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள்தான் தொட்டியைக் காப்பாற்றுகின்றன. அவை கல்லின் துளைகளிலும் மணலிலும் ஃபில்டரிலும் ஒட்டி வாழ்பவை. தண்ணீரில் மிதப்பவை மிகக் கொஞ்சம். ஆகவே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டால் புதுத் தொட்டி தயார் என்பது தவறான நம்பிக்கை. கொஞ்சம் பழைய தண்ணீர் கலப்பதால் கெடுதல் இல்லை. அதில் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடவே வரும், அவ்வளவுதான்.

மணல் விஷயத்தில் நான் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டேன். மூன்று ஆண்டு மணலுக்கு அடியில் மீன் கழிவும் தின்னாத தீவனமும் அழுகிப் படிந்திருக்கும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் கறுப்புத் திட்டுகளாக ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்கலாம். அள்ளும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான். கலக்காமல் கிடக்கும்வரை அந்த மணல் யாரையும் ஒன்றும் செய்யாது. கரண்டி போட்டு அள்ளிப் புதுத் தொட்டியில் கொட்டிய சில மணி நேரத்தில் அமோனியா ஏறும். அதுவும் கடல்நீரில் ஏறுவது மிக ஆபத்து. பிஎச் 7 உள்ள நன்னீரில் இருப்பதைவிட, பிஎச் 8.2 உள்ள கடல்நீரில் அதே அளவு அமோனியாவின் நச்சுப் பகுதி பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். 'எல்லாம் சரியாகத்தான் செய்தேன், மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின' என்று எனக்கு வரும் பெரும்பாலான அழைப்புகளில், விசாரித்துப் பார்த்தால் பழைய மணல் இருக்கும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இரண்டு கட்ட மாற்றம்: முதலில் பழைய தொட்டியை நகர்த்தி இடத்தைக் காலி செய்வது, புதுத் தொட்டி தயாரான பிறகு உயிர்களை மாற்றுவது. இரண்டடித் தொட்டி சிறியது என்பது இங்கே பெரிய வசதி. இன்றிலிருந்து வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது சைஃபன் குழாயால் மணலில் ஒரு பகுதியை மட்டும், ஒரு மூலையிலிருந்து தொடங்கி, உறிஞ்சி வெளியேற்றுங்கள். நாலைந்து வாரத்தில் தொட்டி வெறும் கண்ணாடித் தரையாகிவிடும். கல் அப்படியே இருப்பதால் மீன்களுக்கு எந்தக் குறையும் வராது. பிறகு ஒரு காலை நேரத்தில் கல்லையும் உயிர்களையும் டப்பில் வைத்துவிட்டு, காலித் தொட்டியை அறையின் வேறு மூலைக்கு நகர்த்தி, அதே தண்ணீரை மறுபடி நிரப்பி ஓடவிடுங்கள். மணல் இல்லாததால் கலங்க ஒன்றுமில்லை. தண்ணீரோடு தொட்டியைத் தூக்க மட்டும் முயலாதீர்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் சிலிக்கான் ஒட்டு விட்டுவிடக் கூடும். இப்போது அந்த இடம் காலி. பெரிய தொட்டியை நிதானமாக நிறுவ உங்களுக்கு அவகாசம் கிடைத்துவிட்டது.

புதுத் தொட்டியை முதலில் குழாய்த் தண்ணீரால் நிரப்பி இரண்டு மூன்று நாள் ஒழுகுகிறதா என்று பாருங்கள். அப்போதே சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை ஓடவிட்டு, திடீரென்று சுவிட்சை நிறுத்துங்கள். மேல் தொட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்ணீரைச் சம்ப் தாங்க வேண்டும். கரண்ட் போகும்போது நடக்கப் போவது இதுதான். நடுராத்திரியில் தரையெல்லாம் உப்புத் தண்ணீராகி, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டும் நிலை வேண்டாம். சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிடுங்கள்.

கல்லை நேரடியாகக் கண்ணாடித் தளத்தில் உட்காரவைத்து, ஆடாதபடி அடுக்கிய பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் கல் வைத்தால், தோண்டும் மீனோ இறாலோ அடியைப் பறிக்கும்போது அடுக்கு சரியும். புது மணலைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள்.

தண்ணீர்தான் பொறுமையைச் சோதிக்கும். சம்ப்பையும் சேர்த்து ஏறக்குறைய 450 லிட்டர் தேவை, அதற்கு 16 கிலோ அளவுக்கு உப்பு வேண்டும். வீட்டு ஆர்ஓ மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் தரும் என்பதால் சில நாட்கள் டிரம்மில் பிடித்துச் சேருங்கள். குடிநீர் ஆர்ஓ கருவிகள் பலவற்றில் கடைசியில் தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்று இருக்கும். அதற்கு முன்னாலேயே குழாயைப் பிரித்து எடுத்து, மிச்சமிருக்கும் அயனிகளை நீக்கும் டிஐ கார்ட்ரிட்ஜ் ஒன்றின் வழியே விட்டு, டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். சென்னையின் போர் தண்ணீரையோ குளோரின் கலந்த மெட்ரோ தண்ணீரையோ உப்பு கலக்கப் பயன்படுத்த வேண்டாம். கடற்கரையிலிருந்து தண்ணீர் எடுத்துவரும் நண்பர்கள் இருக்கிறார்கள். கூவமும் அடையாறும் வந்து கலக்கும் கரையிலிருந்து, அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், எடுக்கும் தண்ணீரில் உப்பும் நிலையாக இருக்காது, அழுக்கும் அப்படியே வரும். இந்த மாற்றத்துக்கு உப்புக் கலவைதான் நல்லது.

உப்புத்தன்மையை, அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35-க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) கொண்டுவாருங்கள், அதாவது ஒப்படர்த்தி 1.026. கருவியை வெறும் ஆர்ஓ தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், 35 அளவுள்ள கேலிபிரேஷன் திரவத்தால் சரிபார்க்க வேண்டும். உங்கள் பழைய தொட்டி உண்மையில் எத்தனையில் ஓடுகிறது என்பதையும் இதே கருவியால் பாருங்கள். மலிவான மிதவை மீட்டரை நம்பி ஓடும் பல தொட்டிகள் 1.020, 1.021-இல் இருக்கின்றன. அப்படியிருந்தால் புதுத் தொட்டியையும் முதலில் அதே அளவில் வைத்து, எல்லோரும் குடியேறிய பிறகு ஒரு மாதத்தில் மெல்ல உயர்த்துங்கள். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று கூடுவதைத் தாங்காது. இறாலும் பவளமும் இரண்டையுமே தாங்காது.

அடுத்து பாக்டீரியா. புதுக் கல்லில் அவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அமோனியம் குளோரைடு கரைசலால் அமோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஏற்றுங்கள். பழைய தொட்டியிலிருந்து கையளவு கல் ஒன்றைச் சம்ப்பில் போட்டு வைத்தால் இன்னும் விரைவாக நடக்கும். ஏற்றிய 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் இல்லாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். அதன் பிறகு தண்ணீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் செய்வதாக இருந்தால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரையும் இந்த வாரங்களிலேயே ஓடவிட்டு, மதிய நேரத்திலும் 26, 27 டிகிரியைத் தாண்டாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் வேலையை மூன்று வார இறுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். இரண்டு தொட்டியும் ஓடிக்கொண்டிருப்பதால் அவசரமே இல்லை.

முதல் வாரம் பாதிக் கல்லும் பவளங்களும். கல்லைப் பழைய தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் மெல்ல அலசினால் துளைகளில் இருக்கும் சேறு உதிரும். குழாயில் காட்டிக் கழுவாதீர்கள், பிரஷ் போடாதீர்கள். கல்லில் வளர்ந்திருக்கும் கடற்பஞ்சுகள் பலவும் காற்றில் நேரம் கழித்தால் சாகும், செத்தால் அவையே அமோனியா ஆகிவிடும். எனவே கல் தண்ணீரிலிருந்து தண்ணீருக்குத் தாமதமில்லாமல் போக வேண்டும்.

ஸோவாந்தஸ் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸோவாந்தஸிலும் அதன் நெருங்கிய உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கக் கூடும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார்கள். தொட்டியில் இருக்கும்போது அதனால் யாருக்கும் தொல்லை இல்லை. நசுக்கினாலோ, வெட்டினாலோ, பிரஷ் போட்டாலோ பீச்சியடித்துக் கண்ணிலும் கையிலுள்ள கீறலிலும் போய்ச் சேரும். அது வளர்ந்த கல்லைக் 'கிருமி போகட்டும்' என்று கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சுவாசித்ததால் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. நைட்ரைல் கையுறை, கண்ணாடி இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். கல்லோடு சேர்த்தே மாற்றுங்கள், பிய்க்க வேண்டாம். அந்த நேரத்தில் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் அறையில் வேண்டாம். பிறகு வாய் கசந்தாலோ, காய்ச்சல் போல் உடல் நடுங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன தொட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

லெதர் பவளம் பயந்தால் சளி போன்ற ஒன்றை விடும், மற்றப் பவளங்களுக்கு அது ஆகாது. தனி வாளியில் கொண்டுபோங்கள், அந்த வாளித் தண்ணீரைப் புதுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சம்ப்பில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் இருக்கட்டும். இடம் மாறிய லெதர் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட, சுருங்கி மெழுகு பூசியதுபோல் நிற்கும். அது தோல் உரிக்கிறது. செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

புது விளக்கு பழையதைவிடப் பலமாக இருக்கும் என்பதால் எல்லாப் பவளங்களையும் முதலில் கீழே வையுங்கள். விளக்கை 30, 40 சதவீதத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் சரியாக இருந்தும் குடியேறிய பவளம் வெளுப்பதற்கு அடிக்கடி வெளிச்சம்தான் காரணம்: தன்னுள் வாழும் பாசியை அது வெளியேற்றிவிடுகிறது.

இரண்டாம் வாரம் அனிமோன், கிளவுன் ஜோடி, ஃபயர்ஃபிஷ், இறால். அனிமோனைக் கையால் உரிக்காதீர்கள். பாதம் கிழிந்தால் அழுகி, தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். ஒட்டியிருக்கும் கல்லோடு மாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால், வெளிப்பக்கத்தில் பாதத்துக்கு நேராக ஒரு ஐஸ் கட்டியைப் பிடித்திருந்தால் மெல்ல விட்டுக்கொடுக்கும். புது இடத்தில் அது சில நாள் உலாவும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், பம்ப் வாய்களுக்கு வலை அல்லது ஸ்பாஞ்ச் மாட்டுவதை மறக்காதீர்கள்.

மீன் பிடிக்க எளிய வழி கல்லை முதலில் எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பாதிக்கு மேல் குறைப்பது. ஒளிய இடமில்லாத மீனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டுவிடலாம், வலையே வேண்டாம். எடுக்கும் கல் ஒவ்வொன்றையும் வாளிக்கு மேலே சில நொடி பிடித்துப் பாருங்கள், துளைக்குள் ஃபயர்ஃபிஷ் இருக்கலாம். ஃபயர்ஃபிஷ் துள்ளிக் குதிக்கும் மீன், அதனால் வாளிக்கும் தொட்டிக்கும் மூடி வேண்டும். உப்புத்தன்மையும் வெப்பமும் இரண்டு தொட்டியிலும் ஒன்றாகவே இருப்பதால் மீனுக்கு அரை மணி நேரம் கோப்பை கோப்பையாகப் புதுத் தண்ணீர் கலந்தால் போதும். இறாலுக்கு மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முந்தின நாள் தீவனம் வேண்டாம். குடியேறும் மாலையில் விளக்கை அணைத்து வையுங்கள்.

மூன்றாம் வாரம் டாம்சலும் டாங்கும், மீதிக் கல்லோடு. சண்டைக்காரர்களைக் கடைசியில் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. அவை முன்னால் போனால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று வளைத்துக்கொள்ளும், பின்னால் வரும் கூச்ச சுபாவ மீனுக்கு இடம் விடாது. டாங்கின் வாலடியில் கத்தி போன்ற முள் உண்டு. வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், உங்கள் கைக்கும் காயம், எனவே அதற்கும் டப்பாதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: செயில்ஃபின் முழுதாக வளர்ந்தால் 40 சென்டிமீட்டர் வரும். நாலடித் தொட்டி அதற்குச் சில ஆண்டு வீடுதான். ஆறடித் தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாரிடமாவது இப்போதே பேசி வையுங்கள்.

ஒவ்வொரு வார இறுதி மாற்றத்துக்குப் பிறகும் ஒரு வாரம் தினமும் அமோனியா பாருங்கள், தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், நூறு லிட்டர் கலந்த உப்புத் தண்ணீர் எப்போதும் டிரம்மில் தயாராக இருக்கட்டும். 0.25 பிபிஎம் தொட்டாலே தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். மணலில் பழுப்புப் படலம் வரும். அது டயட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் வந்துபோவது. மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்டரில் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் இணைத்தால்கூடப் பல மணி நேரம் தாங்கும்.

இடமாற்ற அலைச்சலில் மீன் மேல் உப்புத் தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வரலாம். அப்படி வந்தால் பெரிய தொட்டியில் மருந்து போடாதீர்கள். அந்த நோய்க்குச் செம்பு மருந்து உண்டு, ஆனால் அது இறாலையும் அனிமோனையும் பவளத்தையும் கொன்றுவிடும். காலியான இரண்டடித் தொட்டி இதற்காகவே வேண்டும், விற்றுவிடாதீர்கள். மணல், கல் எதுவும் இல்லாமல், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டுத் தனிமைத் தொட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் சம்ப்பில் மிதக்கவிட்டால் தேவைப்படும் அன்றே பாக்டீரியாவோடு தயாராக இருக்கும். செம்பு பட்ட பிறகு அது திரும்பச் சம்ப்புக்குப் போகக் கூடாது, புது ஸ்பாஞ்ச் போட்டுக்கொள்ளுங்கள். இனி வாங்கும் எந்த மீனும் நாலிலிருந்து ஆறு வாரம் அந்தத் தனிமைத் தொட்டியில் இருந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போகட்டும். அதன் வலைக்கும் வாளிக்கும் சிவப்பு டேப் ஒட்டி வைத்தால், வீட்டில் யார் எடுத்தாலும் பெரிய தொட்டிப் பக்கம் போகாது.